சுவிட்ச் மாற்றப் போகிறீர்களா? கிகாபிட், ஸ்மார்ட், பிஓஇ, 2.5ஜி: எதற்குக் காசு கொடுக்கலாம்

பத்துப் பேர் வேலை செய்யும் ஓர் ஆடிட்டர் ஆபீஸை எடுத்துக்கொள்வோம். டேலி டேட்டா இருக்கும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு பயோமெட்ரிக் மெஷின், எட்டு கேமரா, 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. மூலையில், இவற்றின் லேன் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும், என்றோ வாங்கிய ஒரு நெட்வொர்க் சுவிட்ச். அதிலிருந்து மேஜைகளுக்கு அடியில் இரண்டு மூன்று ஐந்து போர்ட் குட்டி சுவிட்சுகள். "நெட் ஸ்லோவா இருக்கு, சுவிட்சை மாத்தணும்" என்ற பேச்சு இப்படிப்பட்ட இடத்தில்தான் கிளம்பும். வீட்டிலும் இதே கதைதான். ஆள் குறைவு, டிவி அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைக்குப் போனால் ஐந்து வகை கிடைக்கும். வெறும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) சுவிட்ச், பிரவுசரில் செட்டிங் செய்யும் ஸ்மார்ட் சுவிட்ச், கேமராவுக்குக் கேபிள் வழியே கரண்ட் கொடுக்கும் பிஓஇ சுவிட்ச், புதிதாக வந்துகொண்டிருக்கும் 2.5ஜி (2.5 கிகாபிட்), பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய ரேக் சுவிட்ச். வேகத்துக்காக மட்டும் சுவிட்ச் மாற்ற வேண்டியவர்கள், இன்னும் 100 எம்பிபிஎஸ் பெட்டி வைத்திருப்பவர்கள் மட்டுமே. மற்றவர்களுக்குக் காசு கொடுக்கத் தகுந்த காரணங்கள் பிஓஇயும், ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் விலானும்தான். 2.5ஜி கடைசியில் யோசிக்க வேண்டியது.

முதலில் கேபிளைப் பாருங்கள்

விண்டோஸில் நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் ஈதர்நெட் பக்கத்தைத் திறந்தால் லிங்க் ஸ்பீடு என்று ஒரு வரி இருக்கும். அதில் 1000/1000 என்று இருந்தால் கிகாபிட் ஏற்கெனவே கிடைக்கிறது. 100/100 என்று இருந்தால் சுவிட்ச், கேபிள், கம்ப்யூட்டரின் லேன் போர்ட் ஆகிய மூன்றில் ஒன்று தடுக்கிறது. சுவிட்சின் அடியில் இருக்கும் லேபிளில் 10/100 மட்டும் போட்டிருந்தால் சந்தேகமே இல்லை, அதை மாற்றத்தான் வேண்டும். 10/100/1000 என்று போட்டிருந்தும் லிங்க் 100-ல் நின்றால், பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான்.

காரணம் எளிது. 100 எம்பிபிஎஸ் ஓடுவதற்கு எட்டுக் கம்பிகளில் நான்கு போதும்: 1, 2, 3, 6. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8-ல் ஒரே ஒரு கம்பி ஜாக்குக்குள் சரியாக அமராவிட்டாலும் இரு பக்கமும் பேசிப் பார்த்துவிட்டு 100-க்கு இறங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது, நெட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒரே கேபிளைப் பிரித்து நான்கு கம்பியை ஒரு கம்ப்யூட்டருக்கும் மீதி நான்கை இன்னொன்றுக்கும் கொடுக்கும் சிக்கன வேலையும் நம் ஊர்களில் நிறைய நடந்திருக்கிறது. அங்கே எந்த சுவிட்ச் வாங்கிப் போட்டாலும் பயனில்லை.

இன்னொரு தவறு கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும். கேபிளின் முனையில் ஜாக் மாட்டிக் கிரிம்பிங் செய்பவர், இரு முனையிலும் ஒரே வரிசை இருந்தால் போதும் என்று நினைத்து, ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, பச்சை, நீல வெள்ளை, நீலம் என்று ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுவார். மலிவு டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் 3, 6 ஆகிய இரண்டும் ஒரே முறுக்கு ஜோடியில் இருந்து வந்திருக்காது. ஐந்து மீட்டர் கேபிளில் 100 எம்பிபிஎஸ் ஓடிவிடும். கிகாபிட்டில் லிங்க் அறுந்து அறுந்து வரும், அல்லது ஃபைல் காப்பி பாதியில் நிற்கும். சரியான வரிசை இதுதான்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இரு முனையிலும் இதே வரிசை. ஜாக்கின் ஒளி ஊடுருவும் முகப்பில் நான்காவது கம்பி பச்சையா நீலமா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

சிசிஏ என்று சொல்லப்படும் தாமிரம் பூசிய அலுமினியக் கேபிளும் ஒரு தலைவலி. விலை குறைவு, பெட்டி கையில் லேசாக இருக்கும். கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். தாமிரத்தைவிட மின்தடை அதிகம் என்பதால் பிஓஇ கேமராவுக்கு நீளமாக இழுத்தால் வோல்டேஜ் வழியிலேயே குறைந்துவிடும். வளைத்து நிமிர்த்தினால் சீக்கிரம் ஒடியும். சுவிட்ச் பட்ஜெட்டில் இடம் இருந்தால் முதலில் இதை கேட் 6 (Cat 6) ரகத் தாமிரக் கேபிளாக மாற்றுங்கள். ஏற்கெனவே நல்ல தாமிரக் கேட் 5இ ஓடியிருந்தால் அதைத் தொட வேண்டாம். கிகாபிட்டுக்கும் 2.5ஜிக்கும் 100 மீட்டர் வரை அது தாங்கும்.

மூன்றாவது இடம் ஃபைபர் பெட்டி. இணைய நிறுவனம் மாட்டிவிட்டுப் போகும் பெட்டியில் நான்கு லேன் போர்ட் இருந்தாலும், சில மாடல்களில் ஒன்று மட்டும்தான் கிகாபிட், மற்ற மூன்றும் 100 எம்பிபிஎஸ். சுவிட்சுக்குப் போகும் கேபிள் தவறான போர்ட்டில் இருந்தால் 300 எம்பிபிஎஸ் பிளானில் 94-க்கு மேல் ஒருநாளும் தாண்டாது. கேபிளைப் பிடுங்கி அடுத்த ஓட்டையில் சொருகினால் தீர்கிற பிரச்சினைக்குப் புது சுவிட்ச் வாங்கியவர்கள் பலர்.

வெறும் கிகாபிட்: பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்

கணக்கு இதோ. எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் உண்மையில் கிடைப்பது விநாடிக்குச் சுமார் 11.7 மெகாபைட். கிகாபிட்டில் சுமார் 117, 2.5ஜியில் 290-ஐ ஒட்டி. 2 ஜிபி பேக்கப் ஃபைல் ஒன்றை நகர்த்த முறையே மூன்று நிமிடம், 17 விநாடி, 7 விநாடி. முதல் பாய்ச்சல் அன்றாட வேலையிலேயே தெரியும். இரண்டாவதைக் கடிகாரம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இணையம் 300 எம்பிபிஎஸ், ஸ்மார்ட் டிவி ஒன்றிரண்டு, ஒரு வைஃபை பெட்டி, ஒரு டெஸ்க்டாப் என்ற வீட்டுக்கு எட்டு போர்ட் சாதா கிகாபிட் சுவிட்ச் போதும். டிபி-லிங்க், டி-லிங்க், நெட்கியர் மூன்றிலும் கிடைக்கும். டிபி-லிங்கின் எல்எஸ்1008ஜி போன்ற பிளாஸ்டிக் பெட்டி இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். உலோகப் பெட்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. இந்தச் சுவிட்சுகளில் பலவற்றுக்கு 40 டிகிரி வரைதான் உத்தரவாதம். மே மாதத்தில் மூடிய மர அலமாரிக்குள்ளோ பரணிலோ வைத்தால் அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும்.

பெட்டியில் 16 ஜிபிபிஎஸ் சுவிட்சிங் திறன் என்று பெரிதாகப் போட்டிருப்பதில் மயங்க வேண்டாம். எட்டு போர்ட்டும் இரு திசையிலும் முழு வேகத்தில் ஓடினால் வரும் கூட்டுத்தொகை அது (8 × 2). எட்டு போர்ட் கிகாபிட் எல்லாவற்றிலும் அதே எண்தான் இருக்கும்.

போர்ட் எண்ணிக்கையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இன்று ஏழு கருவி என்றால் எட்டு போர்ட் வாங்காமல் பதினாறு போர்ட் வாங்குங்கள். போதாமல் போகும்போதுதான் மேஜைக்கு அடியில் குட்டி சுவிட்ச் முளைக்கும். ஐந்து போர்ட் குட்டியில் நான்கு பேர் இருந்தால், டேலி கம்ப்யூட்டருக்கு நால்வரும் ஒரே கேபிளில்தான் போக வேண்டும். அந்தக் குட்டி 100 எம்பிபிஎஸ் ஆக இருந்துவிட்டால், நடுவில் இருக்கும் பெரிய சுவிட்ச் எவ்வளவு வேகமானாலும் நால்வருக்கும் ஆளுக்கு 25. டேலியைப் பொறுத்தவரை இதைவிட முக்கியம், டேட்டா இருக்கும் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி இருப்பது. அந்த மெஷின் வைஃபையில் ஓடக் கூடாது என்பதும் அப்படியே. ஷேர் செய்த ஃபோல்டரில் என்ட்ரி போடும்போது லிங்க் ஒரு நொடி அறுந்தாலும் டேட்டா பழுதாக வாய்ப்பு உண்டு.

ஸ்மார்ட் சுவிட்ச்: கூடக் கொடுக்கும் ஆயிரத்துக்கு என்ன கிடைக்கும்

டிபி-லிங்க் டிஎல்-எஸ்ஜி108இ, நெட்கியர் ஜிஎஸ்308இ, டி-லிங்க் டிஜிஎஸ்-1100 வரிசை ஆகியவை இந்த ரகம். சாதா கிகாபிட்டைவிட விலை கொஞ்சம் கூடும். ஆனால் ஆபீஸுக்கு இதுதான் சரி, இரண்டு காரணங்களால்.

முதலாவது லூப். ஒரு பேட்ச் கேபிளின் இரு முனையும் ஒரே சுவிட்சில் சொருகப்பட்டுவிட்டால், அல்லது இரண்டு போர்ட் உள்ள ஐபி போனின் இரு கேபிளும் சுவரில் மாட்டப்பட்டுவிட்டால், எல்லாக் கருவிகளுக்கும் போகும் பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றி வந்து சில விநாடிகளில் மொத்த ஆபீஸும் படுத்துவிடும். எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறிபிடித்தாற்போல் மின்னும். லூப் தடுப்பு இல்லாத சாதா சுவிட்சில் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்மார்ட் சுவிட்சில் லூப் பிரிவென்ஷன் என்ற டப்பாவில் டிக் போட்டால் அந்த ஒரு போர்ட்டை மட்டும் அதுவே அடைத்துவிடும். சிலவற்றில் இது ஆஃப் நிலையில் வரும், மாட்டும் நாளிலேயே ஆன் செய்துவிடுங்கள்.

இரண்டாவது விலான். கேமராக்களும் வாடிக்கையாளர் வைஃபையும் கணக்கு டேட்டாவும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பது நல்லதல்ல. எட்டு போர்ட்டில் பிரிக்கும் விதம் இது. 1-வது போர்ட் ரூட்டருக்கு: விலான் 10 (கம்ப்யூட்டர்), 20 (கேமரா) இரண்டும் டேக் செய்து, அதாவது பாக்கெட்டில் விலான் எண்ணை ஒட்டி. 2 முதல் 5 வரை கம்ப்யூட்டர்கள்: விலான் 10, டேக் இல்லாமல், பிவிஐடி (டேக் இல்லாமல் உள்ளே வரும் பாக்கெட் சேரும் விலானின் எண்) 10. 6, 7 கேமரா பக்கம்: விலான் 20, டேக் இல்லாமல், பிவிஐடி 20. 8-வது போர்ட்டை வேலை முடியும்வரை விலான் 1-லேயே விட்டுவையுங்கள். செட்டிங் செய்யும் லேப்டாப் அதில்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதி வழியில் உங்களையே வெளியே தள்ளிப் பூட்டிக்கொள்வீர்கள், பிறகு ரீசெட் பட்டனும் முதலில் இருந்து எல்லாமும்.

அதிகம் நடக்கும் தவறு, விலானில் போர்ட்டைச் சேர்த்துவிட்டு பிவிஐடியை மாற்ற மறப்பது. வெளியே போகும் பாக்கெட் சரியான விலானில் போகும். உள்ளே வருவது இன்னும் 1-ல் விழும். லிங்க் விளக்கு எரியும், ஐபி முகவரி மட்டும் கிடைக்காது. அடுத்தது முகவரி மோதல். சில ஸ்மார்ட் சுவிட்சுகள் 192.168.0.1 என்ற முகவரியோடு வரும். ரூட்டருக்கும் அதே முகவரி இருந்தால் புது சுவிட்சை மாட்டியதும் இணையம் நின்றுவிடும், பழி சுவிட்ச் மீது விழும். தனியாக லேப்டாப்பில் மாட்டி முகவரியை மாற்றிவிட்டுப் பிறகு நெட்வொர்க்கில் சேருங்கள். பாஸ்வேர்டையும் அப்போதே.

இதெல்லாம் ரூட்டருக்கு விலான் தெரிந்தால்தான். இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியின் லேன் பக்கத்தில் பெரும்பாலும் அந்த வசதி உங்கள் கைக்குக் கிடைக்காது. மைக்ரோடிக் ஹெக்ஸ், டிபி-லிங்க் ஓமாடா இஆர்605 போன்ற தனி ரூட்டர் வேண்டும். விலான் ஆசையில் சுவிட்ச் மட்டும் வாங்கி வந்து மாட்டிக்கொள்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். தனி ரூட்டர் வாங்கும் எண்ணம் இல்லை என்றால் அடுத்து வரும் என்விஆர் (கேமரா காட்சிகளைப் பதிவு செய்யும் பெட்டி) வழியைப் பாருங்கள்.

பிஓஇ: வாட்டைக் கூட்டிப் பாருங்கள்

பிஓஇயில் மூன்று தரங்கள் உண்டு. 802.3ஏஎஃப் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், 802.3ஏடி 30 வாட், 802.3பிடி 60 அல்லது 90 வாட். கேமராவுக்கும் ஐபி போனுக்கும் முதலாவது போதும். வைஃபை 6 சிக்னலைப் பரப்பும் ஆக்ஸஸ் பாயின்ட் பெட்டிகளில் பலவற்றுக்கு இரண்டாவது வேண்டும்.

பெட்டியில் எட்டு போர்ட், ஒவ்வொன்றிலும் 30 வாட் என்று எழுதியிருக்கும். மொத்த பட்ஜெட் 65 வாட் என்பது சின்ன எழுத்தில் இருக்கும். எட்டு கேமராவுக்குப் பகலில் தலா 5 வாட் என்றால் 40, சிக்கல் இல்லை. இருட்டியதும் கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் எரியும், தலா 9 வாட் ஆகிவிட்டால் 72. மாலை ஆறரை மணிக்கு மேல் ஒன்றிரண்டு கேமரா மட்டும் அணைந்து அணைந்து வருகிறது, காலையில் எல்லாம் சரியாகிவிடுகிறது என்றால் கேமராவைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்பாதீர்கள், பட்ஜெட்டைக் கூட்டிப் பாருங்கள். சில சுவிட்சுகள் இன்னும் கறாரானவை. கருவி உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்காமல், அதன் வகுப்புக்கு உரிய 15.4 வாட்டை முழுதாக ஒதுக்கிவைக்கும். அப்போது 65 வாட்டில் நான்கு கேமராவோடு கடை மூடிவிடும். கேமராக்களின் அதிகபட்ச வாட்டைக் கூட்டி, அதன்மேல் கால் பங்கு சேர்த்து வாங்குவது பாதுகாப்பு. மேற்கண்ட எட்டுக்கு 90 வாட், கூட ஓர் ஆக்ஸஸ் பாயின்ட் என்றால் 120.

கேமரா கடைகளில் கிடைக்கும் மலிவு பிஓஇ சுவிட்ச் வேறு ரகம். எட்டு பிஓஇ போர்ட்டும் 100 எம்பிபிஎஸ், ரூட்டர் பக்கமோ பெரிய சுவிட்ச் பக்கமோ போக இரண்டு போர்ட். கேமராவுக்கு இது தாராளம். ஒரு கேமரா 6 எம்பிபிஎஸ் அனுப்பினால் எட்டும் சேர்ந்து 48 தான். அதில் காலியாக இருக்கும் போர்ட்டில் கம்ப்யூட்டரைச் சொருகுவதுதான் தப்பு. முகப்பில் எக்ஸ்டெண்ட் என்று ஒரு சின்னத் தள்ளு சுவிட்சும் இருக்கும். 250 மீட்டர் வரை இழுக்க உதவும் அந்த வசதி, போர்ட்டின் வேகத்தை 10 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கிவிடும். துடைக்கும்போது கைபட்டு நகர்ந்திருந்தால் காரணம் புரியாமல் நாள் கணக்கில் தேட வேண்டிவரும்.

பிஓஇ சுவிட்சில் லேப்டாப்பைச் சொருகினால் எரிந்துவிடுமா என்ற பயம் பலருக்கு உண்டு. தரப்படி செய்த சுவிட்ச், எதிர்முனையில் 25 கிலோ ஓம் அடையாளம் தெரிந்த பிறகே கரண்ட் விடும், ஆகவே பயமில்லை. கேட்காமலே கேபிளில் 24 வோல்ட் ஏற்றும் பேசிவ் இன்ஜெக்டர் என்ற குட்டிப் பெட்டிதான் ஆபத்து. அந்த 24 வோல்ட்டில் ஓடும் கருவி தரமான பிஓஇ சுவிட்சில் உயிர்பெறாது என்பதையும் வாங்கும் முன் பாருங்கள்.

எட்டு கேமராவின் கேபிளும் ஒரே இடத்துக்கு வருகிறதென்றால், பின்பக்கமே பிஓஇ போர்ட்டுகள் உள்ள என்விஆர் வாங்குவது மலிவான மாற்று. கேமராக்கள் என்விஆருக்குள் இருக்கும் தனி நெட்வொர்க்கிலேயே அடங்கிவிடும். ஆபீஸ் சுவிட்சுக்கு ஒரே ஒரு கேபிள்தான் வரும். பிஓஇ சுவிட்சும் வேண்டாம், கேமராவுக்காக விலானும் வேண்டாம். மேலே சொன்ன ஆடிட்டர் ஆபீஸுக்கு இதைத்தான் சிபாரிசு செய்யலாம்: பிஓஇ என்விஆர் ஒன்று, பதினாறு போர்ட் கிகாபிட் ஸ்மார்ட் சுவிட்ச் ஒன்று, குட்டிகளுக்கு ஓய்வு.

வாசல் கேட் கம்பத்திலோ பக்கத்துக் கட்டடத்திலோ இருக்கும் கேமராவுக்கு வெளியே தாமிரக் கேபிள் இழுத்திருந்தால், ஐப்பசி கார்த்திகை இடியில் முதலில் போவது அந்த போர்ட், சில சமயம் முழு சுவிட்சும். கட்டடம் விட்டுக் கட்டடம் போவதற்கு ஃபைபர் போடுங்கள். இரு பக்கமும் ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வைத்தால் அந்தக் கேபிள் வழியே மின்னல் தாண்டி வர வழியில்லை.

2.5ஜி யாருக்கு

2016-ல் வந்த 802.3பிஇசட் தரம் இது. இணையத்துக்காக இதை வாங்குவதில் அர்த்தமில்லை, பிளான் கிகாபிட்டைத் தாண்டும்வரை. வீடியோ எடிட்டிங் செய்பவர், எஸ்எஸ்டி போட்ட நாஸ் (நெட்வொர்க்கில் பகிரும் ஸ்டோரேஜ் பெட்டி) வைத்திருப்பவர், அதிலேயே நேரடியாக ஃபைலைத் திறந்து வேலை செய்பவர், இவர்களுக்குத்தான் பலன். ஒற்றை ஹார்ட் டிஸ்க் நாஸ் விநாடிக்கு 200 மெகாபைட்டை ஒட்டியே கொடுக்கும். சின்னச் சின்ன ஃபைல்களானால் அதுவும் இல்லை.

வேகம் தேவைப்படுவது ஒரே கம்ப்யூட்டருக்கும் நாஸுக்கும் இடையில் மட்டும்தானா? அப்படியானால் சுவிட்சே வேண்டாம். இரண்டிலும் கூடுதலாக ஒரு 2.5ஜி கார்டோ யூஎஸ்பி அடாப்டரோ போட்டு, நேராக ஒரு கேபிளில் இணைத்து, 10.10.10.1, 10.10.10.2 என்று கையால் முகவரி கொடுத்துவிடலாம். பழைய கிகாபிட் இணைப்பு இணையத்துக்கு அப்படியே இருக்கட்டும். செட்டிங்கில் கேட்வே என்ற இடத்தைக் காலியாக விடுங்கள், அதை நிரப்பினால் கம்ப்யூட்டர் இணையத்தைத் தவறான பக்கம் தேடும். மூன்று நான்கு எடிட்டர்கள் என்றால்தான் 2.5ஜி சுவிட்ச். நாஸ் பக்கம் 10ஜி எஸ்எஃப்பி+ (ஃபைபர் மாட்யூல் சொருகும்) போர்ட் இருக்கும் மாடல் நல்லது, எல்லோரும் சேர்ந்து இழுக்கும்போது அங்கே நெரிசல் வராது.

பழைய ரேக் சுவிட்ச்

சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் பழைய சிஸ்கோ, ஹெச்பி பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். நெட்வொர்க்கிங் படிப்பவருக்கு அருமையான பொருள், ஆபீஸ் மூலைக்கு அல்ல. ஃபேன் சத்தம் தாங்காது. 40 வாட் இழுத்தால் வருடத்துக்கு 350 யூனிட், புது எட்டு போர்ட் பெட்டி 4 வாட்டில் 35 யூனிட்டோடு முடித்துக்கொள்ளும். பெயரிலும் ஏமாறலாம். கேட்டலிஸ்ட் 2960-24டிடி என்பதில் 24 போர்ட்டும் 100 எம்பிபிஎஸ், மேலே இரண்டு மட்டும் கிகாபிட். 2960ஜி என்று இருந்தால் எல்லாமே கிகாபிட்.

மாற்றும் நாள்

முதலில் கரண்ட் ஏற்பாடு. ஃபைபர் பெட்டிக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் மாட்டியிருப்பவர்கள் சுவிட்சை மறந்துவிடுவார்கள். கரண்ட் போனால் பெட்டி ஓடும், சுவிட்ச் படுக்கும், கேபிளில் இருக்கும் யாருக்கும் நெட் இருக்காது. சுவிட்ச் அடாப்டர் 5, 9, 12 வோல்ட் என்று மாடலுக்கு மாடல் மாறும், சொருகும் முனை ஒன்றுபோலவே இருக்கும். மினி யூபிஎஸ்ஸின் எந்த வெளியீட்டில் சொருகுகிறோம் என்று லேபிளைப் பார்த்தே சொருகுங்கள். பிஓஇ சுவிட்சுக்குப் பெரும்பாலும் 48 வோல்ட்டோ அதற்கு மேலோ வேண்டும், சாதாரண மினி யூபிஎஸ் உதவாது, இன்வெர்ட்டர் லைனில்தான் கொடுக்க வேண்டும்.

பிறகு பழைய இணைப்பைப் போனில் படம் எடுத்து, ஒவ்வொரு கேபிளிலும் இரு முனையில் எண் ஒட்டுங்கள். எல்லோரும் டேலியை மூடி, பேக்கப் எடுத்த பிறகே கேபிளில் கை வையுங்கள். புதியதில் முதலில் ரூட்டர் கேபிள், அடுத்து டேலி கம்ப்யூட்டர், இரண்டும் 1000-ல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றவை ஒவ்வொன்றாக. எது 100-ல் நிற்கிறதோ அதை உடனே குறித்துக்கொண்டு ஜாக்கை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யுங்கள். எல்லாம் முடிந்ததும் ஸ்மார்ட் சுவிட்சின் செட்டிங்கை பேக்கப் ஃபைலாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய 100 எம்பிபிஎஸ் சுவிட்ச் இன்னும் ஓடுகிறது என்றால் பிரிண்டருக்கும் பயோமெட்ரிக் மெஷினுக்கும் அதை விடலாம், அவற்றுக்கு அது போதும். கம்ப்யூட்டர் எதையும் அதன் வழியே கொண்டுபோக வேண்டாம்.